மேஸ்திரியின் ஆறு மாதம்

யார் வீட்டுக்குள் போனாலும் அவர் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். தரையைப் பார்ப்பார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வலது கால் கட்டை விரலால் தரையை ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். மணல் ஒட்டினால் முகம் சுருங்கிவிடும். "எவன் போட்ட தர இது? கலீஜா கீது" என்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிடு போடுவார். வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் இந்த வரிசை மாறாது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். சித்தாளாகச் சாரம் ஏறி, கொத்தனாராகி, கடைசியில் சர்க்கார் கட்டட வேலை எடுக்க லைசென்ஸ் வாங்கிக் காண்ட்ராக்டர் ஆனவர். லைசென்ஸ் வந்த பிறகும் காண்ட்ராக்டர் என்று யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தருவதற்கென்று ஒரு சர்க்கார் ஆபீஸ் இருந்தது. அதில் நான் குமாஸ்தா. காண்ட்ராக்டர்களின் காகிதமெல்லாம் என் மேஜை வழியாகத்தான் மேலே போகும். அதனால் காண்ட்ராக்டர்கள் என்னைக் கண்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கில்லை, என் மேஜைக்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். மேஸ்திரி சிரிப்பது மட்டும் வேறு மாதிரி இருக்கும். ஆபீஸ் வாசலில் தண்ணீர்ப் பானை வைக்கும் கிழவியைப் பார்த்தும் அதே சிரிப்பைத்தான் சிரிப்பார்.

அவரிடம் ஒரு குணம். யாராவது கஷ்டம் என்று வாயைத் திறந்தால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது. "அத்த வுடு, நா பாத்துக்கிறேன்" என்பார். சொன்னால் செய்தும் விடுவார். சிமெண்டுக்குப் பர்மிட் இருந்த காலம் அது. மனுப் போட்டுவிட்டு மாசக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாளில் மேஸ்திரியின் சைக்கிள் கேரியரில் எப்போது பார்த்தாலும் ஒரு சாக்கு மூட்டை இருக்கும். இட்லி விற்கும் விதவைக்கு அடுப்பு மேடை. பள்ளிவாசலில் கைகால் அலம்பும் தொட்டிக்குப் பூச்சு. ராயபுரத்து மீன்காரச் சந்து ஒன்றில் இருந்த சின்ன மாதா கோயிலுக்கு இரண்டு படி. எங்கள் சூப்பரிண்டெண்ட் வீட்டில் கிணற்றைச் சுற்றி மேடையும் துவைக்கும் கல்லும். எங்கள் ஓவர்சியர் வீட்டில் மாடிப்படி. யாரிடமும் காசு வாங்கமாட்டார். வாங்கச் சொன்னால் கோபம் வரும்.

இவ்வளவு சிமெண்டு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான். என் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையில் அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீடு எனக்கு. மண் தரை. ஐப்பசி மழையில் தரை ஊறிவிடும். பாய் விரித்தால் காலையில் பாய் ஈரமாக இருக்கும். என் மனைவி அப்போது ஏழு மாதம். இந்த ஈரத்தில் பிள்ளையைப் போட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். நான் மேஸ்திரியிடம் கேட்கவில்லை. அவர் காதில் விழும்படி பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கேட்பது என்றால் இப்படித்தான் கேட்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டார். ஒரு மாட்டு வண்டி, நாலு மூட்டை சிமெண்டு, இரண்டு கொத்தனார்கள். என் மனைவி பதறிப் போய், "இதெல்லாம் எதுக்கு அண்ணே?" என்றாள்.

"நீ போய் அந்த ஓரமா குந்து தங்கச்சி. தூசி மூக்குல ஏறும்" என்றார்.

அன்று முழுவதும் அவரே குந்தி உட்கார்ந்து தரை போட்டார். சிவப்புப் பொடி கலந்து, இழுத்து, மறுநாளும் வந்து எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். குனிந்தால் முகம் தெரியும். கட்டை விரலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்து, "இப்ப புள்ளையப் போடு. ஒண்ணும் ஆவாது" என்றார். என் மனைவி அழுதுவிட்டாள். பொய்யில்லை, அந்த நிமிஷம் அவரைத் தெய்வமாகவே நினைத்தேன்.

சாக்குகளை என் மனைவி அலசிக் காயவைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு சாக்கிலும் நீல மையில் எங்கள் ஆபீஸ் முத்திரை. எண்ணூரை ஒட்டிய எர்ணாவூரில் நாங்கள் இரண்டு வரிசை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வேலையை எடுத்திருந்தவர் மேஸ்திரி. அந்த வீடுகளுக்காகக் கிடங்கிலிருந்து போன மூட்டைகள் அவை. கால் துடைக்க ஒரு சாக்கை வாசலில் போடப் போனாள் மனைவி. "முத்திரை கீழே இருக்கட்டும், திருப்பிப் போடு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. திருப்பிப் போட்டாள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க எர்ணாவூருக்குப் போனேன். வீட்டு வாசல்களுக்கு மேல் சன்ஷேடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கலவையில் ஒரு கை அள்ளி, பிடித்து, உதறினார். அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அடுத்தவன் போட்ட தரையைத் தேய்த்துப் பார்க்கும்போது சுருங்குமே, அதே சுருக்கம். ஆனால் கொத்தனாரிடம், "போதும், போடு" என்றார்.

"மணல் கொஞ்சம் தூக்கலாக இல்லையா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"சன்ஷேடு தானே தம்பி. இது இன்னா கோட்டையா? நிக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "அட்த்த லோடு வந்தா சரி பண்ணிரலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவர் திருடர் இல்லை. தன் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துப் போனவர் இல்லை. பிறகு நான் அவர் வீட்டைப் பார்த்தேன். சுவருக்குப் பூச்சே கிடையாது, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கேட்கிறவன் எதிரே நிற்கிறான், அவன் முகம் தெரிகிறது. எர்ணாவூர் வீடுகள் இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அங்கே குடிவரப் போகிறவர்களுக்கு முகம் கிடையாது. முகம் இல்லாதவர்களிடமிருந்து எடுத்து முகம் உள்ளவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி இத்தனை வருஷம் யோசித்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

முகம் வந்து சேர்ந்தது. குடிவந்து எட்டு மாதத்தில் ஒரு பகல் நேரம், ஒரு வீட்டின் சன்ஷேடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. கீழே வாசற்படியில் உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தவள் வலது கை அதில் மாட்டிக்கொண்டது. எண்ணூர்க் கடற்கரையில் இருக்கும் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்து, பட்டறைத் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூடையில் மீன் விற்பவள். ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்குப் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய இன்ஜினியர் வந்தார். எங்கள் ஆபீஸ் பெரிய அறையில் நடந்தது. இன்ஜினியர், சூப்பரிண்டெண்ட், ஓவர்சியர், வாக்குமூலம் எழுத நான். எதிரே மேஸ்திரி நின்றார். கையில் கட்டோடு அந்தப் பெண் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். விழுந்த சன்ஷேடின் துண்டு ஒன்றை மேஜைமேல் வைத்திருந்தார்கள். இன்ஜினியர் அதை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார். மேஜைமேல் மணலாகக் கொட்டியது.

"இது உன் வேலைதானே?" என்றார்.

"ஆமா சார். என் வேலதான்."

"சிமெண்டு கணக்குப்படி வாங்கியிருக்கிறாய். இதில் சிமெண்டே இல்லையே. எங்கே போச்சு?"

அந்த அறையில் மேஸ்திரியின் சிமெண்டு இருந்த வீட்டுக்காரர்கள் மூன்று பேர். சூப்பரிண்டெண்ட் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். ஓவர்சியர் ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி திரும்புவதைக் கவனமாகப் பார்த்தார். நான் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். தோய்த்த பேனாவையே மறுபடியும் தோய்த்தேன். அவர் வாயிலிருந்து என் பெயர் வரக்கூடாது என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி எங்கள் மூன்று பேரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எண்ணூர் காத்து சார். உப்புக் காத்து மூட்டைல பூந்து அல்லாம் கல்லாப் பூட்ச்சு. ஒண்ணுத்துக்கும் ஆவல. கொட்டிட்டேன்."

"எங்கே கொட்டினாய்?"

"கடல்ல சார்."

அந்தப் பெண் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"எந்தக் கடல்ல கொட்டினே? அது நா பொறந்த குப்பம்யா. ஒரு கட்ட கரை ஒதுங்குனா ஊரே ஓடியாந்து பாக்கும். இத்தினி மூட்ட வந்து கொட்டினா ஒருத்தன் கண்ல கூடவா படாது?" இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "என் கை மேல வுயுந்தது மண்ணு சார். சிமிட்டி இல்ல. அந்தச் சிமிட்டி யாரோ ஒருத்தர் வூட்ல கீது. அது யார் வூடுன்னு கேளுங்க. எனக்கு அது தெரிஞ்சா போதும்."

"உட்கார் அம்மா. நாங்கள் விசாரிக்கிறோம்" என்றார் இன்ஜினியர்.

அவள் உட்காரவில்லை. என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கைக்கட்டிலிருந்து மருந்து வாசனை வந்தது. "இறுகிப்போன சிமெண்டு மூட்டைகள் கடலில் கொட்டப்பட்டதாகக் காண்ட்ராக்டர் கூறினார்" என்று நான் எழுதினேன். அவள் கேட்ட கேள்வியை எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. இங்கிலீஷில் மூன்று பாரா. வேலை மோசம், காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார் என்பது முதல் பாரா. லைசென்ஸ் நிரந்தரமாக ரத்து என்பது இரண்டாவது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் பட்டணத்தில் மேலதிகாரியிடம் அப்பீல் செய்துகொள்ளலாம் என்பது மூன்றாவது. டைப் அடித்தவன் நான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்டவனும் நான்தான்.

ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது அவர் வீடு. பூச்சில்லாத அந்தச் சுவரை அன்றுதான் பார்த்தேன். அவர் சம்சாரம் எலுமிச்சம்பழத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். மேஸ்திரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. கையெழுத்தையே தமிழில்தான் போடுவார்.

"இன்னா போட்டுக்கிறான் தம்பி? நீயே சொல்லு" என்றார்.

சொல்லத்தான் போனேன். நிரந்தரமாக ரத்து என்று சொன்னால் அவர் சும்மா இருக்கமாட்டார். அப்பீலுக்குப் போவார். பட்டணத்தில் வேறு ஆள் விசாரிப்பான். எங்கே போச்சு சிமெண்டு என்று மறுபடியும் கேட்பான். கடல் கதை அங்கே நிற்காது. விசாரணை என் வீட்டுத் தரைக்கு வந்து நிற்கும். இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைக்கிற நேரத்துக்குள் என் வாய் சொல்லிவிட்டது.

"ஆறு மாசத்துக்கு வேலை எடுக்கக்கூடாதாம்."

"அப்பால?"

"அப்புறம் ஆபீஸுக்கு வந்தால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்."

அவர் மூச்சு விட்டார். அந்த மூச்சை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. "ஆறு மாசம்தானே. நா செஞ்ச தப்புக்கு அது கம்மி தம்பி" என்றார். சம்சாரத்தைக் கூப்பிட்டு, "பயந்துகினு இருந்தியே, கேட்டியா? ஆறு மாசம்தானாம்" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஸ்திரி நகலில் கையெழுத்துப் போட்டார். நான் கிளம்பும்போது என் மனைவிக்கென்று ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. வாங்கிக்கொண்டேன். வீட்டில் சமைத்தார்கள், சாப்பிட்டேன்.

முப்பது நாள் கழிந்தது. அதற்குள் ஒரு நாள் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். நினைப்பதற்கு எனக்குக் குறைச்சலே கிடையாது. முப்பத்தோராம் நாள் காலையில் எனக்கு ஏற்பட்டது நிம்மதிதான். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மேஸ்திரி தன் கொத்தனார்களை வேறு ஆளிடம் போகவிடவில்லை. ஆறு மாசம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தனியார் வீடுகளில் சில்லறை வேலை பிடித்துக்கொடுத்து ஓட்டினார். அவர்களில் ஒருவன் திருவொற்றியூர் தேரடியில் என்னை நிறுத்தினான்.

"சார், எண்ணூர்ல பெரிய வேலக்கி கூப்புடுறாங்கோ. மேஸ்திரி இருன்றாரு. ஆறு மாசம்தானே சார்?"

"ஆமாம். ஆறு மாசம்தான்" என்றேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது.

அதைவிட மோசம் எர்ணாவூரில் நடந்தது. மேஸ்திரி அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்து போய் வாசலில் நின்றாராம். அவள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "லைசென்ஸ் வந்ததும் ரெண்டு வரிசைக்கும் சன்ஷேட இட்ச்சிட்டு என் சொந்தச் செலவுல போட்டுத் தரேம்மா. இப்ப சர்க்கார் வூட்ட நா தொடக்கூடாது" என்றாராம். அவளுக்கு நம்பிக்கை வந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரிசைக்காரர்கள் நம்பினார்கள். மேலே மனு எழுதப் போனவர்கள் எழுதாமல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் தன் பங்குக்கு ஒவ்வொரு சன்ஷேடுக்கும் கீழே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தது. அந்தக் கம்புகளுக்கு நடுவே குனிந்துதான் ஜனங்கள் வீட்டுக்குள் போய்வந்தார்கள். அந்தப் பெண் இடது கையால் செதில் சீவப் பழகிக்கொண்டிருந்ததை ஒரு நாள் அந்த வழியாகப் போகும்போது பார்த்தேன். அதன் பிறகு அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேஸ்திரி ஆபீஸுக்கு வந்தார். சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். நேரே சூப்பரிண்டெண்டிடம் போய்க் கும்பிட்டார்.

"சார், ஆறு மாசம் முட்ஞ்சிபோச்சு. லைசென்ஸ் வாங்கிகினு போலாம்னு வந்தேன்."

சூப்பரிண்டெண்டுக்கு முதலில் புரியவில்லை. "என்ன ஆறு மாசம்?"

"வேல எடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்களே சார்."

சூப்பரிண்டெண்ட் பைலை எடுத்துவரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தவன் நான். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "நிரந்தரமாக ரத்து ஐயா. இனிமேல் உனக்கு லைசென்ஸே கிடையாது. அப்பீல் போக முப்பது நாள் கொடுத்திருந்தோம். அதுவும் எப்போதோ போச்சு. உத்தரவு உன் கையில்தானே இருக்கிறது? கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாயே" என்றார்.

மேஸ்திரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப அந்த வூடுங்களுக்கு சன்ஷேடு?" என்றார்.

"அது உன் கவலை இல்லை. ஆறு மாசம் என்று யார் உனக்குச் சொன்னது? இந்த உத்தரவை யார் படித்துக் காட்டியது?"

நான் சூப்பரிண்டெண்டுக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேஸ்திரி என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"யாரும் இல்ல சார். நானே பட்ச்சிகினேன்."

"நீயா? இங்கிலீஷ் தெரியுமா உனக்கு?"

"கொஞ்சம் கொஞ்சம் வரும் சார்."

சூப்பரிண்டெண்ட் சிரித்துவிட்டார். ஓவர்சியர் சிரித்தார். "மேஸ்திரி துரை பாஷை படிக்கிறார்" என்று யாரோ சொன்னார்கள். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது.

நானும் சிரித்தேன்.